ஆறாவது சாவி

கவுன்சில் என்னிடம் கொடுத்திருக்கும் சாவிகள் ஆறு.
நூலகம், கழிப்பறை, படகுத்துறைக் கொட்டகை,
குப்பைக் கிடங்கு, கல்லறைத் தோட்டத்து வாசல்.
ஆறாவது ஊஞ்சலுக்கு.

சனி இரவு பதினொன்றரைக்கு
போர்வெக் பூங்காவுக்குப் போவேன்.
இரண்டு ஊஞ்சலையும் ஒன்றாய்ச் சேர்த்துச்
சங்கிலி சுற்றிப் பூட்டுவேன்.
திங்கள் விடிந்ததும் அவிழ்ப்பேன்.
முப்பத்தோரு வருஷமாய் இதே வேலை.
அட்லாண்டிக் காற்றுக்கு மட்டும் ஓய்வுநாள் கிடையாது.
பூட்டியதையும் ஆட்டிப் பார்க்கும்.

போன மாதம் ரஹாஃப் கேட்டாள்.
ஏழு வயசு. ஹோம்ஸ் நகரத்திலிருந்து வந்த குடும்பம்.
இவள் சண்டை போடுவது எங்கள் கேலிக் மொழியில்.
"ஊஞ்சல் என்ன தப்பு செய்தது?"
சிரித்துச் சமாளித்தேன்.
கேள்வி என் பின்னாலேயே வீடுவரை வந்தது.

பிறகு கூட்டம் போட்டார்கள்.
எண்பது பேர், ஈரக் கம்பளி வாடை.
சபை மூப்பர் டார்மட் மெக்காஸ்கில் எழுந்தார்:
"சீனாய் மலையில் கல்லில் வெட்டியதைக்
கை தூக்கி அழிக்கப் போகிறீர்களா?"
யாரும் கைதட்டவில்லை.
எங்கள் ஊரில் கைதட்டுவதில்லை.

டாக்டர் ஃபெய்ன்மேன் மெதுவாகச் சொன்னார்:
"அந்தக் கல்லை முதலில் வாசித்தவர்கள் எங்கள் ஆட்கள்.
ஏழாம் நாள் என்றுதான் அதில் இருக்கிறது.
உங்கள் பூட்டு ஒரு நாள் தாமதம்."
டார்மட்டே சிரித்துவிட்டார்.

ரஹாஃபின் அப்பா பேசவில்லை.
வெள்ளி மதியம் தொழ அரைமணி நேரம் கேட்டு
மீன் ஆலையில் மூன்று மனு கொடுத்தவர்.
நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்,
எழுந்திருக்கச் சொல்வார்கள் என்பதுபோல.

லாத்வியாக்காரி ட்ஸிந்த்ராதான் எல்லோரையும் குழப்பினாள்.
"எனக்குக் கடவுள் இல்லை.
ஆனாலும் பூட்டைத் திறக்காதீர்கள்.
இன்றைக்கு ஊஞ்சல், நாளைக்கு ஆலை கேட்.
வாரத்தில் ஒரு நாள் என் விரலில் செதில் இல்லையென்றால்
அது இவர்கள் கடவுளின் தயவு."

நான் விசுவாசி.
காலையும் மாலையும் வேதம் திறக்கிற வீடு என்னுடையது.
ஆனால் ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக்
கல்லெறிந்து கொன்ற பக்கத்தை
வேகமாய்ப் புரட்டிவிடுவேன். டார்மட்டும் அப்படித்தான்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பசு ஈன முடியாமல் தவித்தபோது
முழங்கைவரை உள்ளே விட்டுக் கன்றை இழுத்தவன் நான்.
கிழமையைப் பற்றி இருவருமே பேசவில்லை.
அவசர வேலைக்கும் இரக்க வேலைக்கும்
விலக்கு உண்டு என்பார்கள்.
ஊஞ்சல் எதில் சேரும்?

அதே சட்டம்தானே
வயலின் ஓரத்தை அறுக்காதே,
பரதேசிக்கு விட்டுவை என்றும் சொல்கிறது.
எங்களிடம் வயல் இல்லை. கரிமண்ணும் கல்லும்தான்.
இருப்பது இந்த ஒரு நாள்,
இதை எட்டு மூலையும் விடாமல் அறுத்துக்
களஞ்சியத்தில் போட்டுவிடுகிறோம்.

ஓட்டு ஏழுக்கு ஏழு.
அடுத்த மாதம் பார்ப்போம் என்று தேநீர் ஊற்றினார்கள்.

அந்தச் சனிக்கிழமை
மழையில் நின்று சங்கிலியைச் சுற்றினேன்.
பூட்டை மாட்டினேன்.
சொடுக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தவில்லை.
விரல் விறைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆராதனை.
நீண்ட சங்கீதத்தின் நடுவே, ஜன்னலுக்கு வெளியே
கீச், கீச்.
டார்மட்டின் கழுத்து லேசாய்த் திரும்பி
அங்கேயே நின்றது.
அவரும் எழவில்லை. நானும் எழவில்லை.
சாவி கோட்டுப் பையில் தொடையை அழுத்தியது.

யாராவது கேட்டால் காற்று என்று சொல்லலாம்.
பொய் சொல்லாதே என்பதும்
அதே கல்லில்தான் இருக்கிறது.