பிற

ஐம்பத்தொரு கிலோ.
தராசுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, நாலாம் தியேட்டர், ஏழே முக்கால்.
குருநகர் யோக்கிம் செபமாலை, குடலில் கட்டி.

முந்தியென்றால் கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம்,
வயசுக்காகக் கொஞ்சம் தள்ளுபடி.
இப்போது ஒரு திரை இருக்கிறது.
அது அவருடைய ஸ்கானைத் திறந்து
இடுப்பருகே மூன்றாம் முள்ளெலும்பில்
பாண் வெட்டுகிற மாதிரி ஒரு துண்டெடுத்து
தசைக்குச் சிவப்பும் கொழுப்புக்கு மஞ்சளும் பூசி
இந்த மனிதருக்கு, இவருக்கு மட்டும்,
தொண்ணூறு என்றது.

தொண்ணூறா?
வலை இழுத்த தோள்தான்,
ஆறு மாதமாய்க் கஞ்சியில் கிடக்கிறது.
படத்தைப் பெருப்பித்தேன்.
முதுகுத் தசையில் உளுந்தளவு இரும்பு.
அதிலிருந்து நாலாபக்கமும் கீறிப் பாயும் வெளிச்சம்.
இங்கே படம் பார்க்கிற எவரும்
அது என்னவென்று விசாரிப்பதில்லை.
இயந்திரம் படித்தது வேறு ஊர் உடல்களை;
வெளிச்சத்தையும் சதையென்று எண்ணிவிட்டது.

ஓரம் ஓரமாய் அழித்தேன்.
எண்பது, எழுபத்தொன்று,
அறுபத்துநாலில் வந்து நின்றது.
பிடிவாதமில்லாத பிள்ளை.

நாளம் தேடும்போதுதான் அவர் வாய் திறந்தார்.
"போனமுறை நான் நித்திரையாகேல்லை, டொக்டர்.
கண் துறக்கேலாது, கை அசைக்கேலாது.
அவை கதைச்சது முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான்."

"என்ன கதைச்சவை?"

"மருந்து முடிஞ்சுபோச்செண்டு."

இதை நிரப்பத் திரையில் பெட்டி இல்லை.

இருபது இருபதாய் விட்டேன்.
நெற்றிப் பட்டியின் கீழ் மூளையலை
சிறுசிறு பல்லாய் ஓடியது.
எண்ணுங்கோ ஐயா என்றேன்.
ஒன்று இரண்டு என்று தொடங்கவில்லை;
மீன்சந்தையில் கூறுகிற குரலில்
முந்நூறு, முந்நூற்றம்பது, நானூறு என்று
விலையேற்றிக்கொண்டு போனார்.
அறுபத்துநாலிலும் ஏலம் நிற்கவில்லை.
எழுபது.
"அறுநூறு... அறுநூற்றம்..."
எழுபத்தெட்டில்
யாருக்கோ மீனைக் கொடுத்துவிட்டார்.
அலை நீண்டு, பெருத்து, படுத்தது.
கண்மடலைத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னுமொருமுறை தொட்டேன்.

நடுவே பதிவேடு கேட்டது:
பரிந்துரையிலிருந்து விலகல், பதினாலு மில்லிகிராம். காரணம்?
ஏழு தெரிவுகள். கடைசி, 'பிற'.
அதை அழுத்தி
'நோயாளியைக் கேட்டேன்' என்று தட்டினேன்.

மூன்று மணிக்கு அவர் விழித்தார்.
உதடு காய்ந்திருந்தது.
தண்ணீர் கேட்கவில்லை, நோகுதென்று சொல்லவில்லை,
கட்டியைப் பற்றியும் இல்லை.

"என்ன கதைச்சனீங்கள்?" என்றார்.