பிரண்டைச் சாமி

பிரெண்டன் என்பதுதான் பெயராம்.
அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த துறவி.
ஊர்காவற்றுறையின் வாய்க்குள் அது அகப்படவில்லை,
இரண்டு மாரிக்குள் பிரண்டைச் சாமியானார்.
அதற்குப் பிறகுதான் மடத்துச் சுவரில் பிரண்டை ஏறியது என்பார்
மீன்வாடிக் கயித்தான்.
கொடி முந்தி, சாமி பிந்தி என்பாள் மனைவி.
இதற்காக ஒரு முழு நோன்புகாலம்
இருவரும் பேசாமல் இருந்ததுண்டு.

கேட்டபடி நான் நிலத்தைக் கீறுவேன்.
முழந்தாளில், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு.
மடத்தில் மிச்சம் இரண்டரைச் சுவர்,
முருகைக்கல்,
மணியில்லாத மணிக்கூண்டில் ஒரு செண்பகம்,
மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள்.

சாமி கடல்மேல் நடந்து நெடுந்தீவு போனாராம்.
(வள்ளத்தில்தான் போனார்,
கூலி இன்னும் தரவில்லை என்கிறது ஒரு குடும்பம்.)
உவர்க் கிணற்றில் செபமாலையை நனைத்தாராம்,
ஒரேயொரு வாளி இனித்ததாம்.
அதைக் குடித்தது யாருடைய பூட்டன் என்று
நாலு வீட்டுக்குள் இன்றும் வழக்கு.
முறிந்த எலும்பில் கைவைத்தால் பொருந்துமாம்.
பிரண்டை செய்வதைத்தானே அவரும் செய்தார்?

விறகுக்கு வந்து வலது காலை
இங்கே விட்டுப்போன வஸ்தியாம்பிள்ளை
வெள்ளிதோறும் நாடாவுக்கு அப்பால் வந்து நிற்பார்.
"முறிஞ்சதைத்தான் பிள்ளை சாமி ஒட்டுவார்.
இல்லாததை எப்பிடி ஒட்டுறது?
அவரில பிழை சொல்லேலாது."

ஆடிக் காற்றில் ஒரு முற்பகல்.
அறுத்தெறிந்த கொடியின் பால் மணிக்கட்டில் பட்டு
பொறுக்க முடியாத அரிப்பு.
கையுறையைக் கழற்றிச் சொறிந்தேன்.
சொறிந்து முடித்துக் குனிந்தபோது
கம்பி போகவிருந்த இடத்தில்
பாசிநிற விளிம்பு, ஒரு சிரட்டையளவு.

மாலைக்குள் ஊருக்குக் கதை போய்விட்டது.
சாமி என் கையைப் பிடித்தாராம்.
மறுநாள் அவருக்கு வெள்ளை அங்கி வந்தது,
ஞாயிறு பூசைக்குள்
என் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.
வெறும் அரிப்பு என்றேன்.
"நீ குனிஞ்செல்லோ இருந்தனி,
மேல நிண்டது ஆரெண்டு உனக்கென்ன தெரியும்?"
கயித்தான் விடவில்லை.

வெள்ளிக்கிழமை வஸ்தியாம்பிள்ளை வந்தார்.
எந்தக் கை என்று மட்டும் கேட்டார்.
நீட்டினேன். சிவந்த தடிப்பு இன்னும் ஆறவில்லை.
நெடுநேரம் பார்த்தார்.

"அண்டைக்கு எனக்கும் அரிச்சது பிள்ளை.
மழை இருட்டிக்கொண்டு வந்திட்டுது,
விறகு கட்டுற அவதி.
நிண்டு சொறியேல்லை."