உறைநிலை

கோணம் தொழிற்பேட்டை. ராத்திரி ஒன்றரை.
கிராபைட் கிண்ணத்துக்குள் செம்பு
உறையத் தொடங்குகிறது.

ஆயிரத்து எண்பத்து நான்கு புள்ளி ஆறு இரண்டு.
சாரலில் நனைந்து வந்த வாட்ச்மேன்
திரையைப் பார்த்துச் சிரிக்கிறார்:
"இதுக்க பேரா எக்கா உறையுதது?"

இதுதான்.
ஏறாமல் இறங்காமல்
இருபது நிமிடம் ஒரே கோட்டில் நிற்கும்.
அந்த எண்ணை எங்கோ யாரோ கூடிப் பேசி
ஒப்புக்கொண்டார்கள்.
செம்புக்கு அது தெரியாது.

காலையில் சுயம்புலிங்கம் வருவார்,
தெர்மோகப்பிளைத் திரும்ப வாங்க.
மூன்று டிகிரி கூட்டிச் சொல்கிறது அது.
"மூணுதானல்லா டெல்பின், சைபர்னு போடு.
செந்துளுவன் நிறம் தாண்டி
மட்டிப்பழ நிறம் வந்தா ஊத்திருவேன்,
எனக்குக் கண்ணு போதும்."

போன மாசம் திரும்பி வந்த
நாற்பது வால்வுகளைப் பற்றி
அவர் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன்.

மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டுகிறது.
உலை அசையவில்லை.
அதன் சுவர், மணவாளக்குறிச்சிக் கடற்கரையில்
அள்ளிய சிர்கான் மணல்.
வெயிலில் காலைச் சுட்ட மணல்
இப்போது சூட்டைத் தாங்குகிறது.

கோடு சரியத் தொடங்கிவிட்டது. எழுதுகிறேன்:
பிழை, கூட்டல் மூன்று.
அதன் கீழே, அதே அளவு எழுத்தில்,
நான் தவறக்கூடிய அளவு:
கூட்டல் கழித்தல் புள்ளி எட்டு.
கையெழுத்து.

பிளாஸ்கைத் திறந்து
டீயை ஊற்றி ஊதுகிறேன்.
உதட்டில் வைத்துப் பார்த்து
இன்னும் கொஞ்சம் ஊதுகிறேன்.