பச்சைக் கன்னம்

ராயபுரத்தில் இடித்த வீடொன்றிலிருந்து
மூன்று சாக்கு வந்தது. கிலோ பன்னிரண்டு.
கரையான் தின்றது போக ஒரு தடித்த புத்தகம்.
அட்டையைக் கிழிக்கையில்
(அட்டைக்குத் தனி விலை)
அவன் விழுந்தான்.

மடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பிடில்.
ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் பச்சை.
நெற்றி, உடைத்த கப்பலின் தகரம் போலக் கோணல்.
விரல்களை எண்ணினேன்: ஆறு.
பின்னால் இருப்பது சுவரா, தீயா?
வரைந்தவனுக்கும் தெரிந்திருக்காது,
அவ்வளவு அவசரத்தில் ஓடியிருக்கிறது தூரிகை.
கீழே 1911. மற்ற எழுத்து எனக்குப் புரியாதது.
கண் இரண்டையும் மூடியிருந்தான்.

தராசில் வைத்தேன். முள் அசையவில்லை.

எசேக்கியேல் டீ குடிக்க வந்தான்,
பேண்டு செட்டின் சிவப்புச் சட்டை, தோளில் ஜரிகைக் குஞ்சம்,
அன்றைக்கு இரண்டாவது சாவு முடித்து.
டிரம்பெட் வளையம் உதட்டில் இன்னும் பதிந்திருந்தது.
காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"இவன் சாவுக்கு வாசிக்கல."

எப்படித் தெரியும்?

"கண்ண மூடிக்கினு கீறான் பாரு.
நாங்க மூட முடியாது. பின்னால பொணம் வருது,
எதிர்ல கண்டெய்னர் லாரி,
கீழ பள்ளம், பூவு, பட்டாசு.
மூடுனா காலி."

அப்ப யாருக்கு வாசிக்கிறான்?

டீ ஆறும்வரை பார்த்தான்.
"வாடக கேக்குறவன் இன்னும் கதவத் தட்டல.
அதுக்குள்ள வாசிக்கிறான்."

எடுத்துக்கினு போ என்றேன்.
"இந்தச் சட்டயில பாக்கெட் இல்ல."

எதிர் மருந்துக்கடையில் பச்சை விளக்கு எரிந்தது.
அவன் இடது கன்னத்தில் அது விழுந்ததை
நான் சொல்லவில்லை.
கூச்சப்பட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவான்.

வெள்ளிக்கிழமை, கல்லறைச் சாலையில் ஊர்வலம்.
ஐஸ் ஃபேக்டரி கணக்கராம், வயது ஐம்பத்தொன்று.
பாதி ஷட்டரை இறக்கிவிட்டு நின்றேன்.
என் கடைக்கு நேரே வந்தபோது
எசேக்கியேல் கண்ணை மூடினான்.
நான்கு அடி. ஐந்தும் இருக்கலாம்.
டிரம்பெட் அந்தப் பாட்டில் இல்லாத ஓர் இடத்துக்குப் போனது.
செத்தவர் வீட்டுப் பையன் ஒருவன்
அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

அப்புறம் டிரம்காரன் முதுகில் மோதினான்.
"இன்னா நைனா, தூக்கமா?"

லாரி ஹாரனில் அவன் சொன்ன பதில் கேட்கவில்லை.
ஷட்டரை ஏற்றினேன்.
சாலையில் சிதறிய சாமந்தி மேல்
அட்டை லோடு வந்து நின்றது.