நூறு சொட்டு

குப்பியின் மேல் எழுதியிருந்தது: நூறு கோழிக்கு.
என்னிடம் இருந்தவை ஆறு.

பகலெல்லாம் எடைமேடையில் உட்கார்ந்து
கண்டெய்னர் லாரிகளுக்கு டன் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒரு சிறுவிடை முட்டை முப்பத்தெட்டு கிராம் என்று
சமையல் தராசு காட்டியபோது
ரசீது கிழித்துக் கொடுக்க யாருமில்லையே என்றிருந்தது.

பொன்னேரிக்காரர் பத்துக்கு மேல் தரவில்லை.
"சுத்த ஜாதிம்மா. எங்கப்பா காலத்துலேந்து
வெளிச் சேவல் அண்ட விட்டதில்ல."
அதே மூச்சில், "நீங்க எந்தப் பக்கம்?"
கொருக்குப்பேட்டை என்றேன்.
"அதில்ல..." என்று இழுத்தார்.
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

தவிட்டில் முட்டைகளைக் கூர்முனை கீழாகப் புதைத்து
தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு
லோக்கலில் வந்தேன்.
அத்திப்பட்டில் ஏறியவன்
"சாப்பாடாக்கா?" என்றான்.
"இன்னும் இல்ல."

சைதானி பீயின் கறுப்பி அப்போதுதான் அடைக்கு உட்கார்ந்து
வெறும் தேங்காய் ஓட்டைக் காத்துக்கொண்டிருந்தது.
மூலக்கொத்தளம் முதல் மணலி வரை
எந்தெந்தச் சேவல் அதன் ரத்தத்தில் என்று
அதற்கே தெரியாது.
வாரம் பேசினோம். பொரிப்பதில் மூன்றில் ஒன்று அவளுக்கு.

ஏழாம் ராத்திரி செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தோம்.
ஒன்பதில் சிவப்பு நரம்பு.
ஒன்று வெறும் மஞ்சள் விளக்கு.
இருபத்தோராம் நாள் ஒன்பதும் கொத்தி வெளியே வந்தன,
கேட் மூடி சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்த சத்தத்தில்
ஒரு சத்தமும் கேட்காமல்.
மூன்றையும் தாயையும் அவள் கூடையில் எடுத்துப்போக
என் ஆறுக்கு
அறுபது வாட் பல்பு அம்மா.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே ராத்திரியில் கூடு காலி.
ஆறு சொட்டு கேட்டேன்.
"குப்பியாத்தான் வரும்," என்றார் மருந்துக்கடைக்காரர்,
"கலக்கிட்டா ரெண்டு மணி நேரம். ஐஸ்ல இருக்கணும்."

ஐஸுக்கா பஞ்சம்?
காசிமேட்டில் வஞ்சிர வாசனையோடு
ஒரு பாளம் உடைத்துப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் தெர்மகோல் பெட்டி.
"கோழி வச்சிருக்கவங்கல்லாம் வாங்க, காசு வேணாம்!"
யாரும் வரவில்லை.
காசு வேணாம் என்றதுதான் தப்பு.
"ஒரு கோழிக்கு ஒரு ரூபா" என்றதும்
கட்டிலுக்கு அடியிலிருந்து, தண்ணி டிரம்முக்குப் பின்னாலிருந்து,
கக்கூஸ் மேல் தகரத்திலிருந்து
இத்தனை கோழிகளா இந்தத் தெருவில்!

பிரின்சி
ரோஸ் சாயம் முக்கிய குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி வந்தாள்.
"இதுவும் கோழியாக்கா?"
கோழிதான் என்று
கண்ணில் ஒரு சொட்டு விட்டேன்.

கடைசியாக தேசிங்கு.
சேவலே கிடையாது என்று
போலீஸிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தவர்.
லுங்கியில் சுற்றி, இடுக்கில்,
மஞ்சள் பூசிய கால் மட்டும் வெளியே தெரிய:
"இது என்னுது இல்ல."
"யாருதா வேணா இருக்கட்டும். தலையைப் புடிங்க."
சொட்டு விழுந்தபோது
அந்தப் பெருவிடை இமைக்கவில்லை.
தேசிங்குதான் கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்பத்து மூன்று.
மணி முடிந்தது.
மீதி ஐம்பத்தேழு சொட்டையும்
பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஊற்றினேன்.
ஊற்றும்போது கை கொஞ்சம் தயங்கியது.

அந்த வாரமே என்னுடைய ஒன்றைப் பெருச்சாளி தூக்கியது.
அதற்கு மருந்து குப்பியில் வருவதில்லை.
கூட்டின் அடியில் உடைந்த டைல்ஸ் பதித்தேன்.

மாசம் கழித்துப் பொன்னேரிக்காரர் போன் செய்தார்.
"எப்படி இருக்குங்க நம்ம ஜாதி?"
எடைமேடையில் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது;
எண்கள் ஓடி ஓடி நிலைக்கும்வரை காத்திருந்தேன்.
"நாப்பத்திரெண்டும் நல்லா இருக்குங்க."
"பத்து முட்டைதானேம்மா குடுத்தேன்?"

லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.