நானூற்றுப் பன்னிரண்டு

முக்கூடல் பஸ்ஸில் வந்து,
கை மடக்கிப் பஞ்சை அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.
முப்பிடாதி. வயது நாற்பத்தொன்று. தொழில் பீடி.
புருஷனுக்கு டி.பி., இது இரண்டாம் தடவை.
ஒரே அறை, ஒரே பாய், பதினெட்டு வருஷம்.
இவளுக்கு ஒன்றும் வரவில்லை.
ஏன் என்பது எங்கள் கேள்வி.
அவள் கேள்வி, மத்தியான பஸ் எத்தனை மணிக்கு.

பச்சை மூடிக் குழாயில் பத்து மில்லி.
சுழற்றி நிறுத்தினால் நடுவில்
ஆறிய பாலின் ஆடைபோல ஒரு வெள்ளை வளையம்.
அதை மட்டும் உறிஞ்சியெடுத்து
கிருமியின் துணுக்கைக் காட்டி ராத்திரி முழுக்க வைத்தேன்:
இவனை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?
ஞாபகம் வந்தவை மேலே ஒரு கொடி ஏற்றும்.
காலையில் சாயம். இருட்டில் அரை மணி.

ஹைகிரவுண்டில் அன்றைக்கு வெயில் நூறைத் தாண்டியது.
மெஷின் அறை மட்டும் மார்கழி.
செல்கள் ஒற்றை வரிசையில் நீலக் கதிரைக் கடக்கின்றன.
சிதறும் ஒளியில் பருமன் தெரியும், உள்ளே சொரசொரப்பு தெரியும்;
நிறத்தில் தெரியும், யார் என்று.

நிறம் பார்த்து ஆள் சொல்ல
எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும்.
மணிக்கட்டில் கயிறு. எந்தக் கலர், எந்தத் தெரு.
என் தம்பி வேறு கலர் பக்கத்தில் உட்கார்ந்தான்;
முன்பல் ஒன்று இன்னும் இல்லை.
இங்கே கயிறு கட்டுவது நான்,
எல்லாம் ஒரே மஜ்ஜையில் பிறந்தவை என்று தெரிந்தே.

திரையில் புள்ளிக் கூட்டம். மவுஸால் கோடு.
செத்தவை வெளியே. ஒட்டிக்கொண்ட இரட்டைகள் வெளியே.
கோட்டின் மேலேயே நிற்கிறது ஒன்று.
அதற்காக ஒரு மயிரிழை நகர்த்தினேன்,
பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

தாரை நடுங்கித் துளியாய் உடைகிறது,
நொடிக்குத் தொண்ணூறாயிரம்.
வேண்டிய துளிக்கு ஒரு பொட்டு மின்சாரம்;
தகடுகளுக்கு நடுவே அது வலப்பக்கம் வளையும்.
மற்றதெல்லாம் நேரே கழிவுக்கு.
மூன்றே காலுக்கு முனை அடைத்துக்கொண்டது.
அலசி, தாரையை நிமிர்த்தி, திரும்பத் தொடங்க ஆறு மணி.
சாரோன்ராஜ் யூபிஎஸ்ஸைப் பார்த்து ஜெபம் செய்தான்.

இருபது லட்சத்தில் நானூற்றுப் பன்னிரண்டு.
வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் தண்ணீர்.
ஒவ்வொன்றும் எதை அடையாளம் கண்டது என்று
படித்து முடிக்க மாதங்கள் ஆகும்.

ஏழரைக்கு போன்.
"யம்மா, நா முப்பிடாதி பேசுதேன்.
ரத்தத்துல நல்லதத் தனியாப் பிரிப்பம்னு சொன்னியள்லா,
பிரிச்சாச்சா?"
பிரிச்சாச்சு என்றேன்.
"அப்பம் அத அவுகளுக்கு ஏத்திரலாமா?"

ஏற்ற முடியாததற்கு என்னிடம் நீளமான காரணம் இருந்தது.
பின்னால் அவர் இருமினார்.
தட்டில் பீடி விழும் சத்தம் நிற்கவில்லை.

குழாயில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்.
நாற்பத்தேழின் மேல்
இன்னும் கொஞ்சம் ஐஸ் அள்ளிப் போட்டேன்.