மூன்றாவது முளை

கூரியர்காரன் பெயரைச் சத்தமாக வாசித்தான்,
கனகாம்புஜம், கனகாம்புஜம் என்று
தெருவுக்கே கேட்கும்படி.
எதிர்ப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர்கள்
ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள்.
தையல் சாமான் என்றேன்.

முழுப் பொய் என்று சொல்லமுடியாது.
ஊசிபோல ஒன்பது குச்சிகள்,
‘ட’வாக வளைந்த ஒரு தகடு,
உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி
கண்ணாடிபோல ஒரு பூட்டு.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளித் தெருவில் குடியிருந்துகொண்டு
சாவியில்லாமல் திறக்கப் பழகுகிறேன் என்று
எந்த வாயால் சொல்வது?

ஏன் என்று கேட்டால் எனக்கும் சரியாகத் தெரியாது.
ஆடிட் நடந்த வாரம்
ஜவ்வரிசி ஆலையில் பீரோ சாவி தொலைந்து
ஓர் ஆளை வரவழைத்தார்கள்.
அவன் பீரோவைப் பார்க்கவேயில்லை.
வெளியே லாரியிலிருந்து மரவள்ளி சரிவதைப் பார்த்தபடி
கையால் மட்டும் ஏதோ கேட்டான்.
பீரோ பதில் சொல்லிவிட்டது.
இருநூறு ரூபாய்க்கு வவுச்சர் எழுதினேன்.
அப்புறம் நாள் முழுக்க
கால்குலேட்டரைத் தட்டின விரலுக்கு
அந்தக் கேள்வி என்னவென்றே நினைப்பு.

கொசுவலைக்குள் உட்கார்ந்து பழகினேன்.
பதினோரு ராத்திரி, ஒன்றும் நடக்கவில்லை.
ஐந்து முளைகளும் கண்ணெதிரே,
விலாசம் தெரிந்தும் கதவு திறக்காத வீடுகள்.
பிடியைத் தளர்த்து என்று தாளில் போட்டிருந்தது.
தளர்த்தினால் பொலபொலவென்று விழுந்தன.
இறுக்கினால் கல்.
கட்டைவிரலில் சின்னதாக ஒரு ‘ட’
சிவந்து, காய்ந்து, தோல் உரிந்தது.

பன்னிரண்டாம் ராத்திரி கரண்ட் போயிற்று.
குழந்தைவேலின் குறட்டைக்கும்
மார்க்கெட் ஸ்டேஷனில் சரக்கு வண்டி கூவியதற்கும் நடுவே
மூன்றாவது மட்டும் முரண்டு பிடித்தது.
மற்றதெல்லாம் தொட்டால் துள்ளின,
இது துள்ளவில்லை.

கணக்கு இடிக்கும்போதும் இப்படித்தான்.
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
எங்கோ இரண்டு எண்கள்
இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.
பேரேட்டையே போட்டு உலுக்கக்கூடாது.
எது உறுத்துகிறதோ
அதை மட்டும், மெதுவாக.

டிக்.
நகத்தில் பேன் நசுங்குகிற அளவுக்குத்தான் சத்தம்.
அடுத்து முதலாவது. அடுத்து ஐந்து.
ரொம்ப நேரம் கழித்து, நாலு.
இரண்டாவதைத் தேடுவதற்குள்
உருளை சுற்றிக்கொண்டது.
சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.
“என்ன?” என்று புரண்டார் அவர்.
பல்லி என்றேன்.

பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில்
செத்த பூட்டுகள் வாங்கிவந்தேன்.
துரு, எண்ணெய், ஒன்றில் எறும்பு முட்டை.
பிறத்தியார் பூட்டைத் தொடுவதில்லை,
எங்கள் வாசலில் தொங்குவதையும்.
ஆனால் அதனோடு ஜோடியாக வாங்கின மற்றொன்று
அலமாரியில் சும்மாதான் கிடந்தது.
நாற்பது எண்ணுவதற்குள் திறந்துகொண்டது.

அன்றைக்கு ஞாயிறு.
கடைவீதியில் இறக்கிவிட்ட ஷட்டர்கள் வரிசையாக,
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பூட்டு.
இவ்வளவுதானா இவர்கள்
ஒருவரையொருவர் நம்புகிற லட்சணம் என்று
ஏனோ பாவமாக இருந்தது. கொஞ்சம் பிரியமாகவும்.

இரவு பட்டறையைப் பூட்டிவிட்டு
எப்போதும்போல் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.
அவர் உள்ளே போனபின்
நானும் ஒரு தடவை இழுத்துவிட்டு வந்தேன்.

காலையில் எண்ணினால் எட்டுக் குச்சிதான்.
ஒன்பதாவது அவர் கையில் இருந்தது.
சலங்கைக்குள் சிக்கிய பொடித்துணுக்கை
அதன் கொக்கியால் நோண்டிக்கொண்டிருந்தார்.
நன்றாகத்தான் வந்தது.

“தையலுக்கு எதுக்கு இத்தனை வளைவு?” என்றார்,
நிமிராமல்,
தெருவில் போகிற பால்வண்டியைப் பார்த்தபடி.

டீ ஆறுது என்றேன்.